முத்து வைக்காத கொலுசு

ஒரு ஜோடிக் கொலுசுக்கு எத்தனை முத்து என்று
செவ்வாய்ப்பேட்டையில் என்னைக் கேளுங்கள்,
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
தை மாதத்தில் ஒரு சாயங்காலம்
என் மகளின் வலது கால்
உட்கார்ந்த இடத்திலேயே குலுங்கியபோது
அது என்ன ஓசை என்று சொல்லத் தெரியவில்லை.

"ஆட்டாதடி."
"நான் ஆட்டலம்மா."
வெள்ளி பற்றவைக்கும் ஊதுகுழல் என் வாயில் இருந்தது.
அந்தப் பதிலைத் தீ தின்றுவிட்டது.

அதற்கு முந்தின வாரம்தான்
பள்ளிக்கூடத்தில் ஏற்காடு கூட்டிப்போனார்கள்.
இருபது கொண்டை ஊசி வளைவையும் விடாமல் எண்ணி,
ஏரிக்கரை வெயிலில் நாளெல்லாம் நின்று
காய்ச்சலோடு இறங்கினாள்.
மலையில எதையோ பார்த்து மிரண்டிருக்கு
என்றாள் எதிர்வீட்டு ராஜம்மணி.
குரங்கைத்தான் பார்த்தேன் என்றாள் சொர்ணா.
சொல்லும்போதே நாக்கு ஒருமுறை
வெளியே எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

அப்புறம் கரண்டி, ரச டம்ளர்,
அப்புறம் நோட்டு.
எழுத்துகள் கோட்டைவிட்டு இறங்கி
அடுத்த பக்கத்துக்கு நடந்துபோகிற நோட்டு.
பியூலா டீச்சர் சிவப்பு மையில்
'அலட்சியம்' என்று எழுதியிருந்தார்.
அந்த ஒரு சொல்லை நான் நம்பினேன்.
நம்பி, தட்டுவடை செட்டைச்
சட்டையெல்லாம் கொட்டிக்கொண்ட அன்று
அந்தக் கையிலேயே ஓங்கி ஒன்று வைத்தேன்.
அடி வாங்கிய கை நிற்கவில்லை.
அடித்த கைதான் நின்றது.

தூங்கும்போது மட்டும் கொலுசு பேசாது.
"பாத்தியா, தூக்கத்துல மறந்துடுறா.
அத்தனையும் நடிப்பு" என்றார் அவள் அப்பா.
பெரியாஸ்பத்திரியில் நானும் அதையே சொன்னேன்.
டாக்டர் நஸ்ரின் பேனாவை மூடினார்.
"தூக்கத்துல நிக்குதா? நிச்சயமா?
அது நடிப்பில்லைம்மா. அதுதான் இந்த ஆட்டத்தோட குணம்."

இரண்டு விரலை நீட்டி
இறுக்கிப் பிடி பாப்பா என்றார்.
பிடித்தாள், விட்டாள், பிடித்தாள்.
பால் கறக்கிற பிடி என்று இதற்குப் பேராம்.
மாட்டைத் தொட்டே பார்க்காத பிள்ளை.

தொண்டைப் புண்ணுக்குப் பின்னால் வருகிற
காய்ச்சலின் வேலையோ என்று
முதலில் இதயத்தைப் படம் பார்த்தார்கள்.
ஒரு குறையும் இல்லை.
எனக்கு அது போதும், செருப்பைத் தேடினேன்.
அவர் விடவில்லை.
முடி கொட்டுதா? வாயில புண்ணு வருமா?
காலையில விரல் மடக்க வலிக்குமா?
வெயில் பட்டா காய்ச்சல் வருதா?
கடைசிக் கேள்விக்கு
ஏரி மலையிலிருந்து இறங்கி வந்தது.

பதினோராம் நாள் ரத்தம் வாயைத் திறந்தது.
லூபஸ்.
உடம்பு தன்னையே வேற்றாள் என்று நினைத்து
மல்லுக்கு நிற்குமாம்.
மூஞ்சி சிவக்குமே, இவளுக்கு ஒண்ணும் காணோமே
என்றார் பக்கத்துக் கட்டில் அம்மா,
எங்கேயோ கேட்டிருக்கிறார்.
"சில பிள்ளைங்களுக்குக் கை முந்திக்கும்" என்றார் நஸ்ரின்.
மூஞ்சி பிறகு வரும், வராமலும் போகும்.
முந்திக்கொண்டு வந்து சொன்ன கையைத்தான்
நான் அடித்திருந்தேன்.

மாத்திரையில் கன்னம் உப்பியது.
பங்குனி வெயிலுக்குக் குடை பிடித்து
பள்ளிக்கூடம் போனவளைப் பார்த்து
கலெக்டரம்மா என்று சிரித்தார்கள்.
அழுதாள், அரை நிமிஷத்தில் சிரித்தாள்,
அதுவும் நோய்தானாம்.
ஒவ்வொரு முறை போகும்போதும்
முழுப் பேரை எழுதச் சொல்வார் டாக்டர்.
சொர்ணாம்பிகை.
ஆனியில்தான் அந்த ணகரத்தின்
மூன்று சுழியையும் எண்ண முடிந்தது.

புதுக் கொலுசு செய்து போட்டேன், முத்து வைக்காமல்.
"ஏம்மா, ஊருக்கெல்லாம் வைக்கிறியே?"
அடுத்த மாசம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று ராத்திரி தண்ணீர் டம்ளர் விழுந்தது.
அவளும் நானும் டம்ளரைப் பார்க்கவில்லை,
கையைப் பார்த்தோம்.
"வழுக்கிடுச்சும்மா" என்றாள்.
"சும்மா வழுக்கிடுச்சு."

தரையில் ஈரம் பரவ விட்டுவிட்டு
வேறு டம்ளர் எடுத்து
விளிம்புவரை ஊற்றிக் கொடுத்தேன்.